அடுத்த வரியைப் படிங்க

கண்ணாடிக் கடைக் கவுண்டர் மேல் நாலு மூக்குக் கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்து விசிலையே முறைத்துக்கொண்டிருந்தன.

நாலும் செத்தவர்கள் முகத்திலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றிலும் போலீஸ் கட்டிய சீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பத்தே வாரத்தில் நாலு பேர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், தையல்காரி, டாக்ஸி டிரைவர், மருந்துக் கடைப் பெண். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். எல்லோரும் தனியாகக் குடியிருந்தவர்கள். எல்லோரும் அவரவர் வீட்டில், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில், கழுத்தில் கயிற்றுத் தடத்தோடு, கைகளை மடியில் வைத்தபடி கிடைத்தார்கள்.

விசிலும் தனியாகத்தான் குடியிருந்தான். அவனும் கண்ணாடி போட்டவன்தான். மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரே நிற்பது மாமாவா மரமா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"டீச்சர், இதுக்கு மேல ஒரு துணி போட்டு மூடிடலாமா? டிக்கெட் எடுக்காத நாலு பேர் ஒரே சீட்டுல உட்கார்ந்து என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு."

"பயமா இருக்கா?"

"சேச்சே. முழங்கால் மட்டும்தான் என்னைக் கேட்காம ஆடுது."

டீச்சர் சிரிக்கவில்லை. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பத்தொன்பது வருஷம் தொடர் கொலை வழக்குகளைப் பாடமாக நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு வாசலில் துப்பறியும் நிறுவனம் என்று ஒரு பலகை மாட்டினார். பதினாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு வேலையை உதறிய விசில், அந்த நிறுவனத்தின் ஒரே ஊழியன். வேலையை விட்டாலும் விசில் என்ற பட்டப்பெயர் அவனை விட்டபாடில்லை.

கண்ணாடி விஷயத்தைக் கண்டுபிடித்தது முந்தின நாள். போலீஸ் ஆய்வாளர் கொடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், திடீரென்று விசிலின் தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார்.

"அப்படியே இரு. உன் கண்ணாடிக்குள்ள கன்னத்து ஓரம் உள்ளே போய், வெட்டி ஒட்டின மாதிரி தெரியுது பார். மைனஸ் கண்ணாடின்னா அப்படித்தான் தெரியும். நாலாவதா செத்த மருந்துக் கடைப் பொண்ணோட போட்டோலயும் அதே வெட்டு இருக்கு."

"அவங்களும் மைனஸா இருக்கலாம்ல?"

டீச்சர் அந்தப் பெண்ணின் குடும்பப் போட்டோவை நீட்டினார். உயிரோடு இருந்தபோது எடுத்தது. கண்ணாடிக்குள் கண்கள் பெரிசு பெரிசாக, ஆந்தைபோல இருந்தன.

"இது பிளஸ் கண்ணாடி. செத்தப்ப முகத்துல இருந்தது இவளோடது இல்லை, விசில். வேற யாரோடதோ."

அந்த யாரோ யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இன்று காலை இந்தக் கடைக்கு வந்திருந்தார்கள். ஊரிலேயே பழைய கடை. லென்ஸ் தேய்க்கும் பெரியவர் நாலு கண்ணாடியையும் பவர் பார்க்கும் கருவியில் மாறி மாறி வைத்துப் பார்த்தார். செத்தவர்கள் கண்ணாடி வாங்கிய கடைகளுக்கெல்லாம் போன் போட்டு அவரவர் பவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமலே கீழே வைத்தார்.

"டீச்சரம்மா, எனக்கு இது பிடிக்கலை."

"சொல்லுங்க."

"நாலாவது ஆள் போட்டிருந்தது மூணாவது ஆளோட கண்ணாடி. மூணாவது ஆள் போட்டிருந்தது ரெண்டாவது ஆளோடது. ரெண்டாவது ஆள் முகத்துல இருந்தது முதல் ஆளோடது."

விசில் விரலை முதல் கண்ணாடியிலிருந்து நாலாவது வரை நகர்த்தினான்.

"ஒருத்தரைக் கொன்னு அவர் கண்ணாடியை எடுத்துக்கிறான். அடுத்த ஆளைக் கொன்னதும் அதை அவர் முகத்துல மாட்டிட்டு, அவரோடதை எடுத்துட்டுப் போறான். போன ஸ்டாப்புல இறங்கினவனோட டிக்கெட்டை அடுத்த ஸ்டாப்புல ஏறினவன் கையில கொடுக்கிற மாதிரி" என்றான் விசில். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அப்படின்னா... முதல் ஆள் முகத்துல இருந்தது யாரோடது?"

"அதான் கேள்வி" என்றார் டீச்சர். "நாலு கொலைன்னு ஊரே பேசுது. நாலுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார். இன்னும் யார் கண்ணுலயும் படாம, ஏதோ ஒரு அறையில, ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கிட்டு."



பெரியவர் முதல் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதோட ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. பிரிசம் வெச்சுத் தேய்ச்ச லென்ஸ். எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுற நோய் உள்ளவங்களுக்குப் போடுறது. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தாலே அதிசயம்." கொஞ்சம் தயங்கினார். "இது நான் தேய்ச்சது. என் கை எனக்குத் தெரியும்."

பழைய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். பதினைந்து நிமிஷத்தில் ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும் கிடைத்தன. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியது. அப்போது வயது முப்பத்தெட்டு.

காரை டீச்சரே ஓட்டினார். விசில் முகவரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், ஒருத்தன் எதுக்கு இப்படிப் பண்றான்? சொத்தா? பகையா? இந்த நாலு பேரும் அவனுக்கு என்ன பண்ணாங்க?"

"அங்கேதான் எல்லாரும் வழி தவறிப் போறாங்க. அந்தக் காலத்துல இப்படி அடுத்தடுத்து பொணம் விழுந்தா, பேய்னாங்க, காட்டு மிருகம்னாங்க. மனுஷன் பண்ணுவான்னு நம்பவே மனசு வரலை. அப்புறம் மனுஷன்தான்னு தெரிஞ்சதும், பெரிய அறிவாளின்னு கதை கட்டினாங்க. அதுவும் பொய். நான் பாடம் எடுத்த வழக்குல முக்கால்வாசி ஆளுங்க சாதாரண ஆளுங்க. தப்பிச்சதுக்குக் காரணம் அவங்க மூளை இல்லை. ஒரு ஸ்டேஷன் பக்கத்து ஸ்டேஷனோட பேசாததுதான்."

"அப்போ காரணமே கிடையாதா?"

"இருக்கு. செத்தவங்ககிட்ட தேடினா கிடைக்காது, அவ்வளவுதான். அவனுக்கு ஒரு சுகம் வேணும். எதிராளி கையைப் பிசைஞ்சுக்கிட்டு, ஒண்ணும் பண்ண முடியாம உட்கார்ந்திருக்கிற அந்த நிமிஷம் வேணும். ஆள் யாரா இருந்தா என்ன? கண்ணாடி இல்லைன்னா ஒண்ணும் தெரியாதவங்களா இருந்தா போதும்."

விசில் தன்னையறியாமல் கண்ணாடியை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு" என்றார் டீச்சர், வளைவில் திரும்பியபடி. "நாலு வீட்டுலயும் நாற்காலிக்கு எதிர்ச்சுவர்ல நாலு ஊசித் துளை இருந்தது. நாலு மூலைக்கு ஒண்ணா, கண் உயரத்துல. ஏதோ ஒரு அட்டையைக் குத்தி மாட்டிட்டு, போறப்ப எடுத்துட்டுப் போயிருக்கான். சாகுறவங்க கடைசியா எதைப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா, அவன் யாருன்னு தெரிஞ்சிடும்."

வீடு ஒரு சின்னத் தெருவின் கோடியில் இருந்தது. சுத்தமான வாசல். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. விசில் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தான். வரக்கூடாத வாடை எதுவும் வரவில்லை. அதற்காகச் சந்தோஷப்படலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பத்து வாரத்துக்கு மேல ஆன பொணம்னா கதவைத் திறந்ததும் நான் ஓடிடுவேன், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் கோழைன்னு திட்டக்கூடாது."

டீச்சர் அழைப்பு மணியை அழுத்தினார்.

உள்ளே சுவரைத் தடவிக்கொண்டே வரும் கையின் சரசரப்பு கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி நின்றாள். கண்கள் இவர்கள் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் எங்கோ பார்த்தன.

டீச்சர் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி, "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் அவள்.

ஏதோ ஒரு அறையில் பிணமாக இருக்க வேண்டியவள், இடுப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நிற்கிறாள்!

டீச்சர் இமைகூட அசைக்காமல் பொய்யை எடுத்து விட்டார். "கண்ணாடிக் கடையில இருந்து வரோம்மா. பழைய வாடிக்கையாளர்களைப் பார்த்துட்டு வரோம். உங்க கண்ணாடி எப்படி இருக்கு?"

"அது தொலைஞ்சு போச்சே. பதினோரு வாரமாச்சு. திருகு கழண்டிருந்தது, சரி பண்ணிட்டு வரேன்னு அவர் எடுத்துட்டுப் போனார். பஸ்ல தவற விட்டுட்டாராம். புதுசுக்குச் சொல்லியிருக்கார், இன்னும் வரலை." அவள் சிரிக்க முயன்றாள். "அது இல்லாம எனக்கு எல்லாமே ரெண்டு. ரெண்டு கதவு, ரெண்டு அடுப்பு. பதினோரு வாரமா எனக்கு ரெண்டு புருஷன்."

"எப்படிம்மா வந்தது இந்த நோய்?"

"படியில விழுந்தேனாம். தலையில அடி. எனக்கு ஞாபகம் இல்லை. அவர்தான் சொன்னார்."

டீச்சர் விசிலைப் பார்த்தார். விசில் டீச்சரைப் பார்த்தான். பூஜ்யமாவது ஆள் சாகவில்லை. அவள் கண்ணாடியை எடுத்துப்போனவன்தான் அதைச் செத்தவர் முகத்தில் மாட்டியவன். அவனுடைய சட்டை அதோ கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"ஆபீஸ்ல. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார்."

"வாங்களேன், கார் இருக்கு, கடைக்கே போய் அளவு எடுத்துடலாம்" என்றான் விசில், குரலை இயல்பாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டு.

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "ஐயோ, வேண்டாம். அவரைக் கேட்காம நான் வெளியே வர்றதில்லை."

டீச்சர் தலையாட்டினார். "சரி, கருவி கார்ல இருக்கு. எடுத்துட்டு வந்து இங்கேயே பார்த்துடறேன்." வாசலில் விசிலின் காதருகே குனிந்தார். "ஆய்வாளருக்குப் போன் பண்ணிட்டு வரேன். அஞ்சு நிமிஷம். அவளை விட்டு நகராதே."

டீச்சர் போன பிறகு, அவள் பின்னாலேயே உள்ளே நுழைந்துதான் விசில் அந்தக் கூடத்தைச் சரியாகப் பார்த்தான். ஒரு தையல் மிஷின். ஒரு மர நாற்காலி. நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், கண் உயரத்தில், ஒரு வெள்ளை அட்டை. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து. கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். கண் பரிசோதனைக்கு மாட்டும் எழுத்து அட்டை.

அவன் கிட்டப் போனான். நாலு மூலையிலும் நாலு குண்டூசிகள். அட்டையின் மூலைகள் மட்டும் நைந்து, பழைய துளைகளால் சல்லடையாகியிருந்தன. எத்தனையோ முறை பிடுங்கி, எத்தனையோ இடத்தில் குத்திய அட்டை.

"இது... இது எதுக்கும்மா?"

"அவர் என் கண்ணைச் சோதிப்பார். தினமும். அவர் வேலையே அதுதானே?"

"என்ன வேலை?"

"டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ்ல கண் பரிசோதனை."

டாக்ஸி டிரைவர். ஸ்கூட்டர் ஓட்டிய தையல்காரி. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று என்பதாலேயே யாரும் சேர்த்துப் பார்க்காத ஒன்று. வா, போய்விடலாம் என்று விசில் அவள் கையைப் பிடிக்கத் திரும்பினான்.

சமையலறை வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

பின்கதவு வழியாக வந்திருக்க வேண்டும். செருப்புச் சத்தமே கேட்கவில்லை. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, சாந்தமான முகம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு ஞாபகமே இருக்காத முகம்.

"வாங்க சார். யாரு?" என்றார் மரியாதையாக.

"க... கண்ணாடிக் கடையில இருந்து."

"அப்படியா? சந்தோஷம்." அவர் நடந்து போய் முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். மனைவியைப் பார்க்கவேயில்லை. "நீ போய் மூலையில உட்கார்" என்றார் காற்றிடம் பேசுவதுபோல். அவள் சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "உங்க கண்ணாடி வளைஞ்சிருக்கே சார். காது வலிக்குமே."

"இல்லை, பரவாயில்லை, பழகி..."

இரண்டு விரல்கள் வந்தன. இரண்டு காதோரமும் ஒரே சமயத்தில் மெதுவாகத் தூக்கின. ஆயிரம் முகத்திலிருந்து கழற்றிப் பழகிய விரல்கள். விசில் கையை உயர்த்துவதற்குள் உலகம் கரைந்துபோயிருந்தது.

கூடம் இல்லை. மிஷின் இல்லை. அவள் எங்கே என்று தெரியவில்லை. எதிரே வெளிர் நிறத்தில் ஒரு புகை மட்டும் நின்றது. புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உட்காருங்க. மைனஸ் ஆறு, இல்லையா? மேலே இருந்து படிங்க."

விசிலுக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்தப் புகையை அவன் முன்னமே பார்த்திருக்கிறான். எட்டு வாரத்துக்கு முன், லைசென்ஸ் புதுப்பிக்கப் போன அன்று, இதே புகை எதிரே நின்று இதே குரலில் இதையே சொன்னது. இந்த ஆளின் முகத்தை யாருமே பார்த்ததில்லை. அவன் முன்னால் போய் நிற்கும்போது எல்லோரும் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்கள்!

தோளில் ஒரு கை அமுக்கியது. விசில் நாற்காலியில் உட்கார்ந்தான். காலர் ஓரத்தில் மெல்லிசாக ஏதோ உரசியது.

"இன்னிக்கு அரை நாள் லீவு போட்டேன்" என்றது குரல், இப்போது பின்னாலிருந்து. "இந்த அட்டையை எடுத்துட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பலாம்னு வந்தேன். நீங்களே வந்துட்டீங்க. படிவத்துல ஒரு கட்டம் இருக்கும், ஞாபகம் இருக்கா? அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்லணும்னு. நீங்க அதுல ஒரு கோடு போட்டிருந்தீங்க."

விசில் பேச முயன்றான். பதினாறு வருஷம் ஓடும் பஸ்ஸில் நூறு பேரை அதட்டிய தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"படிங்க."

"மேல... மேல ஒரு எருமை நிக்குது" என்றான். பயத்தில் உளறியது. வேண்டுமென்றே சொன்னதல்ல.

பின்னாலிருந்தவன் சிரிக்கவில்லை. கயிறு கழுத்தைச் சுற்றி வந்து அமர்ந்தது.

"அடுத்த வரியைப் படிங்க."

வாசலில் மணி அடித்தது. ஒருமுறை. பிறகு விடாமல். "விசில்! கதவைத் திற!" டீச்சரின் குரல். கதவு குலுங்கியது. தாழ்ப்பாள் கனமான தாழ்ப்பாள். கயிறு இறுகியது. விசிலின் விரல்கள் அதற்குள் நுழையத் தவித்தன. கண்முன் இருந்த புகை மெல்லக் கறுக்கத் தொடங்கியது.

அப்போது மூலையிலிருந்து அந்தப் பெண் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் எழுத்து. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. நிதானமாக, ஒன்றுவிடாமல்.

"மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கே. வாயை மூடு" என்றான் அவன்.

"சரி, அட்டையை விடுங்க. உங்களைப் படிக்கிறேன்." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லை. இடது கையில கடிகாரம் இல்லை, கழற்றி ஜன்னல்ல வெச்சிருக்கீங்க. கையில இருக்கிறது என் மிஷின் பெட்டியில இருந்த பச்சைக் கயிறு. உங்க மேல் உதட்டுல வேர்வை. அந்த மருந்துக் கடைப் பொண்ணோட கண்ணாடி அலமாரியில மேல் தட்டுல, துண்டுக்கு அடியில இருக்கு. நீங்க அதை எடுத்துப் போட்டுக்கிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி முன்னாடி நின்னதை நான் பார்த்தேன்."

கயிறு தளர்ந்தது.

"உனக்குத் தெரியாது. உனக்கு எல்லாம் ரெண்டு" என்றான். அவன் குரல் மாறியிருந்தது.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணுதான். முகம் கழுவுறப்ப ஒரு கண்ணுல சோப்பு போச்சு. அதைப் பொத்திக்கிட்டு மறு கண்ணால பார்த்தேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"என்னிக்கு?"

"கண்ணாடி போன நாலாவது வாரம்."

"ஏழு வாரமா..." என்றான் அவன். "ஏழு வாரமா என்னைப் பார்த்துட்டு இருந்தியா?"

விசில் யோசிக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நாற்காலியோடு சேர்த்துப் பின்னால் பாய்ந்தான். நாற்காலியின் முதுகு பின்னால் நின்றவன் வயிற்றில் இடித்தது. இருவரும் விழுந்தார்கள். புகைக்குள் ஓடும் காலடி கேட்டது. தடவும் சத்தம் இல்லை. நேராக, வேகமாக ஓடும் கால். தாழ்ப்பாள் தடாலென்று விலகியது. வெளிச்சம் உள்ளே கொட்டியது. டீச்சரோடு பூட்ஸ் கால்கள் இரண்டு ஜோடி நுழைந்தன.

கைவிலங்கு போடும்போது அவன் திமிறவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "என்னைப் பார்க்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லுங்க, பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசிலின் கையில் யாரோ கண்ணாடியை வைத்தார்கள். மாட்டிக்கொண்டான். எதிரே அவள், ஒரு உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தியபடி, நேராக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்கு ஸ்டேஷனில் அவள் வாக்குமூலம் கொடுத்தாள். கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவன் அட்டையைக் கழற்றி எடுத்துப்போன நாட்கள், திரும்பி வந்து அதே இடத்தில் மாட்டிய நேரம், மறுநாள் குளியலறையில் ஒளித்து வைத்துப் படித்த செய்தித்தாள். ஆய்வாளர் பத்துப் பக்கம் எழுதினார்.

"இதையும் எழுதிக்கோங்க" என்றாள் கடைசியில். "மூணாவது ஆளும் நாலாவது ஆளும் எனக்குத் தெரிஞ்ச பிறகு செத்தவங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. எனக்குத் தெரியுதுன்னு தெரிஞ்சா அந்த நாற்காலியில நான்தான் உட்காரணும்னு தெரியும். அந்த பயம்."

ஆய்வாளரின் பேனா நின்றது. அவர் டீச்சரைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றார் டீச்சர். பிறகு அவளிடம், "கோர்ட்ல இதை உங்ககிட்ட கேட்பாங்க. தனியா இருக்கிறப்ப நீங்களே கேட்டுக்குவீங்க. புதுக் கண்ணாடி வர நாலு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் என் வீட்டுல இருங்க."

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் விசில் தனியாக உட்கார்ந்திருந்தான். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு கேட்கலாமாங்க? இத்தனை நாள் வாயே திறக்கலை. இன்னிக்கு மட்டும் எப்படித் திறந்தீங்க? நான் உங்களுக்கு யாருன்னுகூடத் தெரியாதே."

கை வலித்திருக்க வேண்டும். அவள் கண்ணிலிருந்து உள்ளங்கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தாள்.

"அவர் உங்க கழுத்துல கயிறு போட்டப்போ நான் கண்ணைப் பொத்திக்கலைங்க. பார்க்கப் பயமா இருந்தது, ஒண்ணும் தெளிவாத் தெரிய வேண்டாம்னு கையைக் கீழே போட்டுட்டேன். அப்போ நாற்காலியில ரெண்டு பேர் தெரிஞ்சாங்க. ரெண்டு கழுத்துலயும் கயிறு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஏற்கனவே ரெண்டு பேரை விட்டுட்டேன். இன்னும் ரெண்டு பேரை விட என்னால முடியலை."